மருந்தடித்த மரக்கறியும் யூரியா போட்ட வயலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மரக்கறி விலை பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை அல்ல. பசளை, கிருமிநாசினி (பூச்சிக்கும் புல்லுக்கும் அடிக்கிற மருந்து), கிணற்றுத் தண்ணீர், அப்பாவின் கைகால் எரிச்சல், இப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, சந்தையில் வாங்குகிற கோவா, லீக்ஸ், தக்காளி எல்லாமே நஞ்சு என்கிறார்கள். மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவைத்துத்தான் சமைக்கிறேன். மூன்று வயது மகளுக்கு மரக்கறியைக் குறைத்துவிடவா? (வெள்ளவத்தை)

குறைக்க வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைக்கு மரக்கறி இல்லாமல் போவதால் வரும் கேடு நிச்சயமானது. கழுவிச் சமைத்த மரக்கறியில் மிஞ்சியிருக்கக்கூடிய எச்சத்தால் வரும் கேடு அதைவிட மிகக் குறைவு. ஒரு மருந்தின் எச்சம் மரக்கறியில் இருக்கிறது என்பதும், அது உடலைப் பாதிக்கும் அளவுக்கு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல, முகநூலில் வரும் பதிவுகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன.

மஞ்சளும் உப்பும் தனியாகப் பெரிய வேலை செய்வதில்லை. குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, கையால் தேய்த்துக் கழுவுவதுதான் முதல் வேலை. கோவாவின் வெளி இலைகள் இரண்டு மூன்றைக் கழற்றிப் போடுங்கள், லீக்ஸை நீளவாக்கில் பிளந்து மடிப்புகளுக்குள் தண்ணீர் போகும்படி கழுவுங்கள், கரட்டையும் வெள்ளரிக்காயையும் தோல் சீவுங்கள். வீட்டில் அப்பச்சோடா இருந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டு ஒரு கால் மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவலாம். அமெரிக்காவில் 2017 இல் அப்பிள் பழங்களை வைத்துப் பார்த்தபோது, வெறும் தண்ணீரைவிட இது மேற்பரப்பில் இருந்த மருந்தை நன்றாகப் போக்கியது. ஆனால் தோலுக்குள் இறங்கிவிட்டதை அதுவும் எடுக்கவில்லை. செடியின் சாற்றோடு சேர்ந்து உள்ளே ஓடுகிற வகை மருந்துகளை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது.

அதனால்தான் உங்கள் சமையலறைக்கு வருவதற்கு முன்னாலேயே தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் கடைசியாக அடித்த நாளிலிருந்து அறுவடை வரை இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபலில் போட்டிருப்பார்கள். அந்த நாட்களுக்குள் வெயிலும் மழையும் செடியும் சேர்ந்து மருந்தைச் சிதைத்துவிடும். பொறுத்தால் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் தக்காளி விலை திடீரென்று ஏறிய கிழமையில், கடனோடு இருக்கிற ஒரு விவசாயி பழுத்த தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு கிழமை சும்மா இருப்பாரா? பறித்து லொறியில் ஏற்றிவிடுவார், அது தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்கு வந்து, அங்கிருந்து வெள்ளவத்தைக்கும் வந்துவிடும். பார்வையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பொருளாதார மத்திய நிலையங்கள் போன்ற மொத்தச் சந்தைகளில் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவை நாமெல்லாம் வாசிக்கும்படி ஒழுங்காக வெளியிட்டால் பொறுக்காதவர் அடுத்த முறை பொறுப்பார். அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களிலும் கால்வாயோரங்களிலும் வளர்கிற கங்குன், வல்லாரை விஷயத்தில் மருந்தைவிட அழுக்குத் தண்ணீரின் கிருமிகள்தான் எனக்குப் பெரிய கவலை. சின்னப் பிள்ளைக்கு வல்லாரைச் சம்பல் பச்சையாகக் கொடுப்பதானால் எங்கே வளர்ந்தது என்று விசாரித்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வேகவைத்துக் கொடுங்கள்.

நான் கொழும்பில் வேலை, அப்பா கிளிநொச்சியில் வயல் செய்கிறார். யூரியா இல்லாவிட்டால் நெல் இல்லை என்கிறார் அவர். கூட வேலை செய்பவர்களோ, எங்கள் தாத்தா காலத்தில் யூரியாவா இருந்தது, இயற்கைக்குத் திரும்பினால் போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி? (கொட்டாஞ்சேனை)

தம்பி, இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஓர் ஏக்கர் நீர்ப்பாசன வயலுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 40 கிலோ நைதரசன் தேவை என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆகவே இரண்டு மூட்டையைக்கூட முழுதாக முடிக்க வேண்டியதில்லை, 90 கிலோவுக்குள் அடங்கிவிடும். நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று அல்லது ஒன்றரை வீதம்தான், அதிலும் பெரும்பகுதி மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். அதே 40 கிலோவுக்கு ஏக்கருக்கு மூன்று நான்கு தொன் கூட்டெரு கொண்டுவந்து கொட்ட வேண்டும், ஈரத்தோடு நிறுத்தால் இன்னும் கூட. அத்தனை சாணமும் குழையும் எங்கே இருக்கிறது, யார் ஏற்றி இறக்குவது? தாத்தா காலத்தில் விளைச்சலும் குறைவு, சாப்பிட இருந்த வாயும் குறைவு, நெல் இனமும் வேறு.

இதை நாடு முழுவதும் அனுபவித்தே பார்த்துவிட்டது. 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளையையும் விவசாய இரசாயனங்களையும் நிறுத்த முடிவெடுத்தது, மே மாதத்தில் இறக்குமதித் தடை வர்த்தமானியில் வந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது, வயல்கள் மஞ்சளாகிக் கிடந்தன. 2021 இல் சுமார் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி 2022 இல் 34 இலட்சம் தொன்னாக விழுந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ இருந்த தேயிலை அடுத்த ஆண்டு 25 கோடி கிலோவாகியது. எரிபொருள் தட்டுப்பாடும் டொலர் தட்டுப்பாடும் அதில் சேர்ந்துகொண்டது உண்மைதான், முழுப் பழியையும் தடையின் மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் பத்து வருடம் எடுத்துச் செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரே போகத்தில் செய்யப் பார்த்தார்கள், அதன் விலையைக் கொடுத்தது உங்கள் அப்பாவைப் போன்றவர்கள்தான். கொண்டுவந்த சேதனப் பசளையும் (இயற்கைப் பசளையும்) சரியாக அமையவில்லை. சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்து, மாதிரிகளில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது, கடைசியில் ஏறத்தாழ 70 இலட்சம் டொலரும் செலுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: எவ்வளவு போடுகிறார், எப்போது போடுகிறார்? வயலில் எறிகிற யூரியாவில் பாதியைக்கூட நெல் எடுப்பதில்லை. மிச்சம் வாயுவாகக் காற்றில் போகும், அல்லது தண்ணீரோடு வாய்க்காலுக்கும் நிலத்தடிக்கும் போகும். அதில் ஒரு சிறு பங்கு நைதரசு ஒட்சைட்டாகும், அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு சூடேற்றுகிற வாயு. ஒரேயடியாகக் கொட்டாமல் பயிரின் வயதுக்கேற்பப் பிரித்துப் போட்டால், இலையின் பச்சையை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேவையானபோது மட்டும் போட்டால், பையும் மிச்சம், வயலுக்கும் நல்லது. மண் பரிசோதனையைப் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம். வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பி விடச் சொல்லுங்கள், நெல் உறிஞ்சிய பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. கூட்டெரு மண்ணை மிருதுவாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், யூரியா அந்த வேலையைச் செய்யாது. இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் நெல்லுக்கு நல்லது.

பக்கத்து வயல்காரர் நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற கபிலநிறத் தத்திப் பூச்சிக்கு இரண்டு முறை மருந்தடித்துவிட்டார். நான் அடிக்காவிட்டால் எல்லாம் என் வயலுக்கு வந்துவிடும் என்கிறார்கள். (அக்கரைப்பற்று)

முதலில் வயலுக்குள் இறங்கி நெற்பற்றையின் அடியைப் பாருங்கள் ஐயா. தத்திகள் எத்தனை, சிலந்திகள் எத்தனை என்று எண்ணுங்கள். சிலந்திகள் நிறைய இருந்தால் மருந்தை எடுத்து வையுங்கள். அவை உங்களுக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன, எல்லாப் பூச்சியையும் கொல்கிற மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான். தத்தியின் முட்டைகள் தண்டுக்குள் பத்திரமாக இருக்கும், பொரித்து வரும்போது தின்ன ஆள் இருக்காது. அடித்த வயலில் தத்தி முன்பைவிடப் பெருகுவது இப்படித்தான்.

இந்தோனேசியாவில் இதே தத்தியால் பட்ட பாட்டுக்குப் பிறகு 1986 இல் நெல்லுக்கு 57 வகைக் கிருமிநாசினிகளை ஒரே உத்தரவில் தடைசெய்து, விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சிகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே நெல் விளைச்சல் விழவில்லை. ஆனால் அது கிருமிநாசினி, பசளையை அவர்கள் நிறுத்தவில்லை, இந்த வித்தியாசத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். யூரியா அளவுக்கு மீறினால் நெல் கொழுத்துத் தத்திக்கு விருந்தாகும் என்பதும் நினைவிருக்கட்டும். எண்ணிப் பார்த்தபோது தத்தி மிக அதிகம், சிலந்தி இல்லை என்றால் போதனாசிரியரைக் கூட்டிவந்து காட்டி, அவர் சொல்லும் மருந்தை, அவர் சொல்லும் அளவில், தண்டின் அடியில் படும்படி அடியுங்கள்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்தால் தலையிடி, கண் எரிச்சல், சில நாள் சாப்பாடும் வேண்டாம் என்கிறார். கையுறை கொடுப்பதில்லையாம். நான் புறக்கோட்டையில் கடையில் வேலை. இங்கிருந்து என்ன செய்யலாம்? (நுவரெலியா)

வந்த கடிதங்களில் என்னை அதிகம் வருத்தியது இதுதான் தங்கச்சி. கொழும்பில் இருக்கிற நாம் தட்டில் இருக்கும் எச்சத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆனால் அந்த மருந்தைத் தண்ணீரில் கலக்காத நிலையில் திறந்து, ஊற்றி, முதுகில் சுமந்து, ஈரமான பற்றைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் நடக்கிறவர்கள் உடலில் படுவது, நாம் சாப்பாட்டில் பெறுவதோடு ஒப்பிடவே முடியாத அளவு. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூக்கு வழியாகத்தான் மருந்து உள்ளே போகும் என்று பலர் துணியைக் கட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் அதிகம் போவது தோல் வழியாக. முதுகில் இருக்கும் டாங்கி கசிந்தால் இடுப்பும் தொடையும் நனைந்தே இருக்கும், அந்த உடையோடு பொழுது வரைக்கும் வேலை செய்வார்கள். கசிகிற டாங்கியை மாற்றச் சொல்லி முதலில் கேட்க வேண்டும். இறப்பர் கையுறை, சப்பாத்து, கணுக்கால் வரை மறைக்கும் நீளக் காற்சட்டை, கலக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, இவை சலுகை அல்ல, மருந்து கொடுக்கிற தோட்டம் கொடுத்தே ஆக வேண்டியவை. தனியாளாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது, அதனால் தொழிற்சங்கத் தலைவர் மூலமாக, மருந்தடிக்கிற எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். கடிதத்தை நீங்கள் இங்கிருந்து எழுதிக் கொடுக்கலாம்.

அப்பா செய்யக்கூடியது: காற்று வீசும் திசைக்கு எதிரே நடந்து அடிக்கக் கூடாது, நொசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெற்றிலையோ ரொட்டியோ தொடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும், அந்த உடுப்பை மற்ற உடுப்போடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது. தோய்க்கிறவர் அம்மா என்றால் அவருக்கும் கையுறை வேண்டும். தலையிடி தொடர்ந்தால் மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், பெயர் தெரிந்தால்தான் டொக்டரால் சரியாகப் பார்க்க முடியும்.

தோட்டங்களில் அடிக்கும் கிளைபோசேட் என்ற களைநாசினி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2015 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வகையில் சேர்த்தது, அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு இலங்கை தடைசெய்தது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தது. இடையில் என்ன நடந்தது என்றால், தோட்டங்கள் வேறு களைநாசினிகளுக்குப் போயின, அவற்றின் எச்சம் தேயிலையில் இருப்பதாக யப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. ஒரு மருந்தை மட்டும் தடைசெய்து, புல் வெட்ட ஆளும் இல்லை, வேறு வழியும் இல்லை என்று விட்டுவிட்டால், அப்பாவின் முதுகில் இருக்கிற டாங்கிக்குள் வேறொரு மருந்து வரும், அவ்வளவுதான்.

எங்கள் கிணற்றில் நைத்திரேற்று கூட என்கிறார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் சரிதானே? (கோப்பாய்)

இல்லை, கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று, அதாவது பசளையிலும் கழிவிலும் உள்ள நைதரசனிலிருந்து வருகிற உப்பு, போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது இன்னும் செறிவாகும். உலக சுகாதார அமைப்பு சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத்தின் அடியில் சுண்ணக்கல், மேலே ஊற்றியது வேகமாகக் கீழே போய்விடும், அதன் மேல் வெங்காயம், மிளகாய், புகையிலை என்று வருடம் முழுக்கப் பசளை போட்டுத் தண்ணீர் இறைக்கிற நிலம். மலசலகூடக் குழிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கவே கூடாது, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். பெரியவர்களுக்கு அவ்வளவு உடனடி ஆபத்து இல்லை. தண்ணீரை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கொடுத்துப் பரிசோதியுங்கள். எல்லை தாண்டியிருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர், குளிக்கத் தோய்க்க அதே கிணறு.

அநுராதபுரம் பக்கம் வருகிற சிறுநீரக நோய்க்குப் பசளைதான் காரணமா? (தெஹிவளை)

ஒரே காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. பசளையில் வரும் கட்மியம் என்ற நச்சு உலோகம், கிருமிநாசினி, புளோரைட்டு கூடிய கடினத் தண்ணீர், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பலவற்றைச் சொல்கிறார்கள், பல சேர்ந்தும் இருக்கலாம். பசளையும் மருந்தும் மிக அதிகம் போடுகிற நுவரெலியாவில் இந்த நோய் அப்படிப் பரவவில்லை, மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இதைப் போன்ற நோய் வருகிறது. இந்த இரண்டையும் பார்த்தால் பசளை ஒன்றையே குற்றவாளியாக்க என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பக்கத்தில் உறவினர் இருந்தால் வருடம் ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஆரம்பத்தில் நோவே தெரியாது.

பம்பலப்பிட்டியில் மாடிவீடு. பல்கனியில் வைத்த மிளகாய்ச் செடி சுருண்டு போகிறது. கடைக்காரர் ஒரு தூள் தருகிறார், பெயர் இல்லை. போடலாமா?

லேபல் இல்லாத எதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள், மெல்லிய சிறு பூச்சியோ சிற்றுண்ணியோ இருக்கும். மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கிழமைக்கு ஒருமுறை. புதுத் துளிர் நேராக வரும். வராவிட்டால் அது பெரும்பாலும் வைரசு, செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

ஊரில் மாமா புல்லுக்கு அடிக்கிற மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படித் தட்டில் வைக்கிறார். சொன்னால் கேட்கிறார் இல்லை. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகிறோம். (மருதானை)

போகுமுன்னே தொலைபேசியில் சொல்லுங்கள், போனதும் முதல் வேலையாக அதை எடுங்கள். மாமா கோபித்தால் கோபிக்கட்டும். இந்த நாட்டில் கிருமிநாசினியால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. மிகக் கொடிய வகைகளை 1995 இலும், எண்டோசல்பானை 1998 இலும், பராகுவாட் போன்றவற்றை 2008 க்குப் பிறகு படிப்படியாகவும் நிறுத்தினார்கள். இருபது வருடத்தில் நாட்டில் தற்கொலை மரண வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. கையெட்டும் தூரத்தில் கொடிய மருந்து இல்லாதபோது அந்த ஒரு கணத்தைத் தாண்டி மனிதர் பிழைத்துவிடுகிறார். ஆகவே பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்காகவும் அதைப் பூட்டி வைக்க வேண்டும். மருந்து அது வந்த போத்தலிலேயே லேபலோடு, வீட்டுக்கு வெளியே, பூட்டும் பெட்டியில் இருக்கட்டும். வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் டாங்கியிலேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிடச் சொல்லுங்கள்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம். உடம்பில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், 1990 க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், போத்தலைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம், சில மருந்துகள் முதல் நாள் ஒன்றும் காட்டாது.